‘இல்லை’ என்று நான் டிக் அடித்த கேள்வி

பன்னிரண்டாம் வகுப்புக்கு உயிரியல் எடுக்கிறவன் நான். எங்கள் சொந்தத்தில் ஆஸ்பத்திரிச் சீட்டு எது வந்தாலும் முதலில் என் கைக்குத்தான் வரும். யாருக்குச் சர்க்கரை எவ்வளவு ஏறியிருக்கிறது, எந்த மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் போடுவது, எல்லாம் என்னைக் கேட்டுத்தான் முடிவாகும். சீட்டை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்து, கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு அப்புறம் சொல்வேன். அந்தக் கொஞ்ச நேர மௌனத்துக்கு ஒரு அவசியமும் கிடையாது. சும்மா, மரியாதைக்கு. அந்த மரியாதையை வைத்துக்கொண்டுதான் என் தங்கையை ஏமாற்றினேன்.

நாங்கள் பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள். என் தங்கையை ஆலங்குடிப் பக்கம் ஒரு வீட்டில் கொடுத்தோம். அந்த வீட்டுப் பெண்ணை எனக்கு எடுத்தோம். ஒரே நாளில், ஒரே பந்தலில் இரண்டு தாலி கட்டும் நடந்தது. ஆகவே என் தங்கையின் கணவர்தான் என் மனைவிக்கு அண்ணன். என் தங்கை என் மனைவியை ‘அண்ணி’ என்பாள், அண்ணன் பெண்டாட்டி என்பதால். என் மனைவியும் என் தங்கையை ‘அண்ணி’ என்பாள், அதே காரணத்தால். இருவரும் ஃபோனில் பேசுவதைப் பக்கத்தில் இருந்து கேட்டால் தலை சுற்றும்.

இப்படிச் சம்பந்தம் செய்வதில் ஒரு தைரியம் உண்டு. உன் வீட்டுப் பெண் என் வீட்டில், என் வீட்டுப் பெண் உன் வீட்டில். யாரும் யாரையும் கண்கலங்க வைக்க மாட்டார்கள் என்று பெரியவர்கள் கணக்குப் போடுவார்கள். அதே கணக்கில் ஒரு பயமும் உண்டு. ஒரு வீட்டில் பெண் கோபித்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் போனால், மறு வீட்டுப் பெண்ணையும் பெட்டியைக் கட்டச் சொல்லிவிடுவார்கள். எங்கள் ஊர்ப் பக்கத்தில் அப்படி இரண்டு வீடும் சேர்ந்து குலைந்த கதைகள் எல்லோருக்கும் தெரியும்.

தங்கைக்குக் கல்யாணமான மறு வருஷம் பெண் பிறந்தது. ஏழெட்டு மாதத்திலேயே குழந்தை வெளிறிப்போய், பால் குடிக்கத் தெம்பில்லாமல் துவண்டது. தலசீமியா என்றார்கள். உடம்பு நல்ல ரத்தத்தை உண்டாக்காத நோய், பெற்றோரிடமிருந்து வருவது. மூன்று வாரத்துக்கு ஒரு தடவை வெளியிலிருந்து ரத்தம் ஏற்றினால்தான் பிள்ளை நடமாடும். மச்சான் குவைத்தில் டிரைவர். அதனால் தங்கைதான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆலங்குடியில் பஸ் ஏறி புதுக்கோட்டை அரசு ஆஸ்பத்திரிக்கு வருவாள். காலையில் படுக்கையில் போட்டால் இறங்கச் சாயங்காலம் ஆகும். நான் பள்ளிக்கூடம் விட்டதும் எட்டிப் பார்த்து, பிஸ்கட் பாக்கெட் ஒன்றை நீட்டிவிட்டு, “எப்படிடா இருக்கே?” என்று கேட்பேன். மாமன் கடமை அதோடு தீர்ந்தது.

எங்களுக்கு ஆறு வருஷம் பிள்ளை இல்லை. ஏழாவது வருஷம் என் மனைவி உண்டானாள். தங்கை பிள்ளைக்கு அப்படி இருப்பதால் முதலில் என் மனைவியின் ரத்தத்தைச் சோதித்தார்கள். அவளுக்கு அந்தக் கோளாறு இல்லை, ஆகவே வயிற்றுப் பிள்ளைக்கு அந்த நோய் வராது என்று சொல்லிவிட்டார்கள். அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்று அழுதேன். இதைச் சொல்லக் காரணம், பின்னால் நான் செய்ததற்குப் பயம் என்று கூடச் சாக்குச் சொல்ல முடியாது என்பதுதான்.

ஐந்தாவது மாதத்தில் தங்கை ஃபோன் செய்தாள். பிள்ளையைத் திருச்சியில் ஒரு ரத்த நோய் டாக்டரிடம் காட்டிவிட்டு வந்திருந்தாள்.

“அண்ணே, டாக்டரம்மா ஒன்னு சொன்னாங்கண்ணே. அண்ணிக்குப் பிள்ளை பொறக்கறப்ப தொப்புள்கொடியில ரத்தம் மிச்சம் இருக்குமாம்ல? அதை எடுத்து வச்சா, நம்ம பாப்பாவுக்குச் சேருமான்னு சோதிச்சுப் பாக்கலாம்கிறாங்க. சேந்துச்சுன்னா நோயே போயிருமாம். எனக்குச் சரியா வெளங்கல. நீ கொஞ்சம் சொல்லேன்.”

எனக்கு எல்லாம் விளங்கியது. கொடியில் தங்கும் ரத்தத்தில், புது ரத்தத்தை உண்டாக்கும் அணுக்கள் இருக்கின்றன. பொருத்தமாக அமைந்தால் அவற்றை நோயாளிப் பிள்ளைக்குச் செலுத்தலாம். பொதுவாகக் கூடப் பிறந்த பிள்ளையுடையதுதான் பொருந்தும், மாமன் பிள்ளை அத்தை பிள்ளைக்கு அபூர்வம். ஆனால் எங்கள் விஷயம் வேறு. என் பிள்ளைக்கும் அவள் பிள்ளைக்கும் தாத்தா பாட்டி நான்கு பேரும் ஒரே ஆட்கள். அந்த டாக்டர் அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் சொல்லியிருக்கிறார். வாய்ப்பு குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை.

வழக்கம்போலக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். பிறகு சொன்னேன்: “கூடப் பொறந்த பிள்ளையோடதுதான் சேரும். மத்தது எதுவும் ஆகாது. அந்தம்மா பொதுவாச் சொல்லியிருப்பாங்க.”

“அப்புடியாண்ணே?” என்றாள். “சரிண்ணே. அண்ணி நல்லாச் சாப்புடுதா? புளிப்பா எதுவும் கேக்குதா?”

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பல தடவை என்னையே கேட்டிருக்கிறேன். ஆறு வருஷம் காத்துக் கிடைத்த பிள்ளை; நாளைக்கு அதற்கே ஏதாவது வந்தால், அதன் ரத்தம் அதற்கு வேண்டாமா என்று நினைத்தேன். சொந்த ரத்தம் சொந்தப் பிள்ளைக்குப் பயன்படுவது எவ்வளவு அரிது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் மனம் கேட்கவில்லை. இதைவிட அசிங்கமான காரணம் ஒன்று உண்டு. அந்த நோயின் மேல் எனக்குச் சலிப்பு வந்திருந்தது. தீபாவளியோ திருவிழாவோ, வீட்டில் எதை எடுத்தாலும் ‘பாப்பாவுக்கு ரத்தம் ஏத்துற நாள் எப்போ’ என்பதில்தான் வந்து நிற்கும். என் பிள்ளை பிறப்பதாவது அதில் போய் நிற்க வேண்டாம் என்று நினைத்தேன். ஆறு வயதுப் பிள்ளையோடு எனக்குப் போட்டி.

அதே மாதத்தில் வகுப்பில் அந்தப் பாடம் வந்தது. தலசீமியா என்று போர்டில் எழுதி, கட்டம் போட்டு, தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என்று விளக்கினேன். நன்றாகவே விளக்கினேன். ‘இவர்களுக்கு நாம் ரத்த தானம் செய்ய வேண்டும்’ என்று கடைசியில் இரண்டு வாக்கியம் உருக்கமாகவும் சொன்னேன். பிள்ளைகள் குறிப்பெடுத்துக்கொண்டார்கள். நான் அதுவரை ஒரு தடவைகூட ரத்தம் கொடுத்ததில்லை. ஊசி என்றால் எனக்கு ஆகாது.

புதுக்கோட்டையில் அடுத்த ஸ்கேனுக்குப் போனபோது, ஸ்கேன் சென்டர் வரவேற்பறையில் ஓர் அம்மா மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். தொப்புள்கொடி ரத்தத்தைப் பாதுகாத்து வைக்கும் கம்பெனியின் ஆள். முன்பு நர்ஸாக இருந்தவர். நல்ல மனுஷி, அவர்மேல் எந்தக் குற்றமும் இல்லை. நம் முன்னோர்கள் கொடியைத் தாயத்தில் போட்டுப் பிள்ளை இடுப்பில் கட்டியதே இதற்காகத்தான் என்று ஆரம்பித்தார். வேறு யாராவது சொல்லியிருந்தால் வகுப்பில் வைத்துக் கிண்டல் செய்திருப்பேன். அன்றைக்கு மாடு மாதிரித் தலையாட்டினேன். பொதுவுக்குத் தானமாகக் கொடுக்க முடியுமா என்று ஒப்புக்குக் கேட்டுவைத்தேன். “இங்க அதை வாங்கிக்க ஆள் இல்ல சார். பெரிய ஊருக்குத்தான் போகணும்” என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது.

படிவத்தை நீட்டினார். பக்கம் பக்கமாக நிரப்பிக்கொண்டு வந்தேன். ஓர் இடத்தில் பேனாவால் தொட்டுக் காட்டினார்.

“இதை மட்டும் யோசிச்சுப் போடுங்க சார். குடும்பத்துல, நெருங்குன சொந்தத்துல யாருக்காச்சும் ரத்த வியாதி இருந்தா ‘ஆம்’னு அடிங்க. அவங்களுக்குன்னு எழுதி வைக்கலாம். சேருமான்னு நாங்களே சோதிச்சும் பாத்துருவோம். அதுக்குத் தனி ஏற்பாடு இருக்கு.”

யோசித்தேன். அதுதான் கொடுமை. யோசிக்காமல் அடித்திருந்தால் கை தவறிவிட்டது என்று இன்றைக்குச் சொல்லித் தப்பிக்கலாம். நன்றாக யோசித்து, ‘இல்லை’ என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை பக்கத்துத் தெருவில் ரத்தம் ஏற்றிக்கொண்டு படுத்திருக்கும் என் தங்கை மகளை, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது போல அந்த ஒரு கட்டத்தில் மறைத்தேன்.

ஸ்கேன் முடிந்து மனைவி வந்தாள். அவளும் கையெழுத்துப் போட வேண்டும். “நம்ம பாப்பாவுக்கு இது ஆகுமான்னு கேட்டீங்களா?” என்றாள். அவளுக்கு அது அண்ணன் பெற்ற பிள்ளை.

“கேட்டேன். ஆகாதாம்” என்றேன்.

நான் நிரப்பிய பேப்பர் என்பதால் படிக்காமலே கையெழுத்துப் போட்டாள்.

ஏழாவது மாதம் வளைகாப்பு முடிந்து அவளைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். முதல் பிரசவம் தாய்வீட்டில்தான். எங்கள் விஷயத்தில் தாய்வீடு என்றால் என் தங்கை வாழ்க்கைப்பட்ட வீடு. மாமியாருக்கு முழங்கால் வலி, உட்கார்ந்தால் எழ முடியாது. ஆகவே தாய் செய்ய வேண்டியதையெல்லாம் என் தங்கைதான் செய்தாள். வெந்நீர் வைத்தாள், கால் வீக்கத்துக்கு எண்ணெய் தேய்த்தாள், ராகிக்கூழும் கீரையுமாக ஆக்கிப் போட்டாள். நடுவில் ஒரு நாள் தன் பிள்ளைக்கு ரத்தம் ஏற்றப் புதுக்கோட்டைக்குப் போய்விட்டு வந்து, செருப்பைக் கழற்றியதும் “அண்ணி, மாத்திரை போட்டியா?” என்றுதான் கேட்டாளாம். என் மனைவி இதை எனக்கு ஃபோனில் பெருமையாகச் சொன்னாள்.

சனிக்கிழமைதோறும் நான் மாதுளம்பழத்தோடு போவேன். ஒரு சனிக்கிழமை கம்பெனி கொடுத்த பெட்டியையும் எடுத்துப் போனேன். பிரசவ அறையில் நர்ஸிடம் கொடுக்க வேண்டிய பெட்டி. உள்ளே ரத்தம் பிடிக்கும் பையும், குழாயும், என் படிவத்தின் நகலும் இருந்தன. தங்கை வாங்கிப் பார்த்தாள்.

“இது எதுக்குண்ணே?”

“ஆஸ்பத்திரியில கேப்பாங்க. ஏதோ டெஸ்ட்டு. வெயில் படாம வை.”

அவள் அதைப் பீரோவுக்குள் தன் மகளின் மருந்துகளுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

பிரசவத்தன்று பள்ளிக்கூடத்தில் செய்முறைத் தேர்வு. காலையில் வலி கண்டதும் தங்கைதான் கார் பிடித்து என் மனைவியைப் புதுக்கோட்டைக்குக் கொண்டுவந்து, ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். நான் அடித்துப் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. பையன் பிறந்திருந்தான். பிரசவ அறைக் கதவைத் திறந்துகொண்டு தங்கை வந்தாள். நெற்றியெல்லாம் வேர்வை, சிரித்த முகம். கையில் அந்தப் பெட்டி.

“ஆம்பளப் பிள்ளைண்ணே. ஒன் மூக்கு அப்புடியே இருக்கு” என்றாள். பெட்டியை என்னிடம் நீட்டினாள். “பத்திரமாப் பிடி. கம்பெனி ஆளு கீழ நிக்கறாராம்.”

ஐந்து வருஷமாக மூன்று வாரத்துக்கு ஒரு தடவை ரத்தப் பையைப் பார்க்கிறவள் அவள். எந்த டெஸ்ட்டுக்கும் இத்தனை ரத்தம் பிடிக்க மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியாதா? கேட்டால் சொல்ல நான் ஒரு பதில் தயார் செய்து வைத்திருந்தேன். அவள் கேட்கவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்கு அன்று அதுகூடச் சரியாகக் குறுகுறுக்கவில்லை. பிள்ளை பிறந்த சந்தோஷத்தில் பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, திரும்பும்போது மிட்டாய் வாங்கி வந்தேன்.

முப்பதாம் நாள் வீடு கழுவி, பிள்ளையைக் குளிப்பாட்டிச் சாமி கும்பிட்டார்கள். சாப்பாடு முடிந்து நான் பிள்ளையை மடியில் போட்டு உட்கார்ந்திருந்தபோது, என் மனைவி கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

“அந்தப் பேப்பர்ல என்ன எழுதிக் குடுத்தீங்க?”

“எந்தப் பேப்பர்?”

“வலியில எனக்குப் பாதி காதுல விழுகல. இது விழுந்துச்சு. நர்ஸு பேப்பரப் பாத்துக்கிட்டே, ‘குடும்பத்துல யாருக்கும் ரத்த வியாதி இல்லைன்னு போட்டிருக்கு, சரிதானாம்மா’ன்னு கேட்டாங்க. எங் கையப் பிடிச்சுக்கிட்டு நின்ன அண்ணி, ‘ஆமாங்க, யாருக்கும் இல்லைங்க’ன்னு சொல்லுச்சு. நான் ஏதோ வலியில தப்பாக் கேட்டுட்டேன்னு இத்தனை நாளா நெனச்சுக்கிட்டு இருந்தேன். நேத்துதான் அண்ணியக் கேட்டேன்.”

பொருத்தம், நிகழ்தகவு என்று ஏதோ ஆரம்பித்தேன்.

“வாத்தியார் வேலையெல்லாம் பள்ளிக்கூடத்துல வச்சுக்கங்க” என்றாள். அவள் என்னிடம் அப்படிப் பேசியதே இல்லை. “டாக்டரம்மா பாக்கலாம்னு சொன்னாங்களாம். நீங்க ஆகாதுன்னீங்களாம். எங்கிட்டயும் அதையே சொன்னீங்க. எங்க அண்ணன் பெத்த பிள்ளைங்க அது. அதுக்கு வியாதி இல்லைன்னு அதோட ஆத்தா வாயாலயே சொல்ல வச்சுட்டீங்களே.” பிள்ளையை என் மடியிலிருந்து எடுத்துக்கொண்டாள். “போயி அண்ணிகிட்ட நீங்களாச் சொல்லுங்க. சொல்லாட்டி நான் எங்க அண்ணனுக்கு ஃபோன் போடுறேன்.”

நானாகப் போய் ஒப்புக்கொண்டேன் என்று சொல்லிக்கொள்ளக்கூட எனக்கு வழியில்லை. அவள் துரத்திவிட்ட பிறகுதான் போனேன்.

தங்கை கொல்லையில் என் பிள்ளையின் துணிகளை அலசிக்கொண்டிருந்தாள். நான் போய் நின்றதும் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள்.

“அண்ணி கேட்டுருச்சா?” என்றாள். “சொல்ல வேணாம்னுதான் சொன்னேன்.”

“ஒனக்கு எப்பத் தெரியும்?”

“நீ ஆகாதுன்னு சொன்னப்பறம் டாக்டரம்மாகிட்ட திருப்பிக் கேட்டேன்ல. பாத்தாத்தானே தெரியும்னாங்க. சரி, ஒனக்கு மனசு வரல போலன்னு விட்டுட்டேன்.”

“எங்கிட்டக் கேட்டிருக்கலாம்ல?”

துணியைப் பிழிந்துகொண்டே பேசினாள். “கேட்டா? ரெண்டு வார்த்தை கூடக் கொறைய வரும். அவரு காதுக்குப் போகும். ‘எம் பிள்ளைக்கு இல்லாதவன் வீட்டுக்கு எந் தங்கச்சி எதுக்கு’ம்பாரு. அண்ணி இங்கிட்டே உக்காந்துரும். அண்ணி இங்கிட்டு உக்காந்தா நான் எங்கிட்டு இருக்கறது? பாப்பாவத் தூக்கிக்கிட்டு ஒன் வீட்டுக்குத்தான வரணும். வந்து ஒன் மூஞ்சிலதான முழிக்கணும்.”

“அந்த நர்ஸு கேட்டப்பவாவது…”

“அண்ணி அங்கன வலியில துடிக்குது. அங்க நின்னுக்கிட்டு எங்கண்ணன் பொய் சொல்லியிருக்குன்னு ஒன்னயக் காட்டிக் குடுக்கச் சொல்றியா?” பிழிந்த துணியைத் திரும்ப வாளிக்குள்ளேயே போட்டாள். “சொல்றப்ப பாப்பா மொகம் கண்ணுக்குள்ள வந்துருச்சுண்ணே. அது மட்டுந்தான்.”

தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்கிறார்கள். என் தசை ஆடவில்லை. ஆடியதெல்லாம் அவளுடையதுதான். மன்னித்துக்கொள் என்று சொல்ல வாயெடுத்தேன். அண்ணன் தங்கையிடம் அப்படிச் சொல்லிப் பழக்கமில்லை. “திருச்சிக்குப் போவோம்” என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த வாரம் போனோம். நான், மனைவி, கைக்குழந்தை, தங்கை, அவள் மகள். கம்பெனி அம்மாவுக்கு முதல் நாளே ஃபோன் செய்து, படிவத்தில் ஒரு தவறு இருக்கிறது, மாற்ற வேண்டும் என்றேன். “அப்பவே கேட்டேனே சார்” என்றார். மாற்றித் தருவதாகச் சொன்னார்.

திருச்சி டாக்டர் ஒரு பஞ்சுக் குச்சியை எடுத்து என் மகனின் கன்னத்துக்கு உள்பக்கம் நான்கு தடவை தடவினார். அவன் பால் என்று நினைத்துச் சப்பினான். அவ்வளவுதான் சோதனை. ஊசி இல்லை, அழுகை இல்லை.

“இதை எப்பவோ பாத்திருக்கலாமே. பிரசவத்துக்கு முன்னாடியே ஏற்பாடு பண்ணச் சொல்லியிருந்தேனே” என்றார் டாக்டர். “ஆகாதுன்னு யார் சொன்னது?”

நான் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன் என்றுகூட நினைக்கிறேன். அதற்குள் தங்கை சொன்னாள்: “நாந்தாங்க தப்பா வெளங்கிக்கிட்டேன். படிக்காத ஆளு.”

பிளஸ் டூவில் அவள் என்னைவிட அறுபது மார்க் அதிகம். ஒருவரைத்தான் படிக்க வைக்க முடியும் என்று, நான் கல்லூரியில் இருந்ததால் அவளை அதோடு நிறுத்திவிட்டார்கள். இது என் மனைவிக்கும் தெரியும். அவள் என்னைப் பார்த்தாள். நான் சுவரில் ஒட்டியிருந்த கைகழுவும் முறையைப் படித்துக்கொண்டிருந்தேன்.

டாக்டர் என்னிடம் திரும்பி, “சார் என்ன பண்றீங்க?” என்று கேட்டார்.

“கவர்மென்ட் வேலை” என்றேன்.

மூன்று வாரம் கழித்து ஸ்டாஃப் ரூமில் இருந்தபோது ஃபோன் வந்தது. பொருந்தவில்லை. கிட்டத்தில்கூட வரவில்லை, இதை வைத்து எதுவும் செய்ய முடியாது என்றார் டாக்டர். பெரிய நம்பிக்கையோடு சொல்லவில்லையே, வருத்தப்படாதீர்கள் என்றும் சொன்னார். நான் வருத்தப்படவில்லை. அந்த நொடியில் என் நெஞ்சில் வந்தது நிம்மதி. அந்தக் கொடி ரத்தப் பை என் பிள்ளைக்கே தங்கிவிட்டது, நாளைக்கு எலும்பு மஜ்ஜை கொடு என்று அவனை யாரும் கேட்க மாட்டார்கள், நான் சொன்னதும் ஒரு வகையில் உண்மையாகிவிட்டது. இத்தனையும் ஒரு மூச்சு விடும் நேரத்துக்குள் நினைத்தேன். பிறகுதான் நினைத்தது யார் என்று எனக்கு உறைத்தது. பக்கத்து நாற்காலியில் இருந்த கணக்கு சார், “நல்ல சேதியா சார்?” என்று கேட்டார். என் முகம் அப்படி இருந்திருக்கிறது.

அன்றைக்குப் பாப்பாவுக்கு ரத்தம் ஏற்றும் நாள். அரை நாள் லீவு சொல்லிவிட்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஜன்னலோரப் படுக்கையில் பிள்ளை படுத்துக்கொண்டு, ஊசி குத்தாத கையால் ஃபோனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தது. மேலே பை தொங்கியது. பையின்மேல் ஒட்டியிருந்த சீட்டில் ஓர் எண்ணும் ரத்த வகையும்தான் இருக்கும். யார் கொடுத்தது, எந்த ஊர், ஒன்றும் இருக்காது. ஐந்து வருஷத்துக்கு மேலாக இந்தப் பிள்ளையை நடமாட வைத்திருப்பது அப்படி முகம் தெரியாமல் வந்து கொடுத்துவிட்டுப் போன ஆட்கள். அவர்களில் ஒருவர்கூட, இது என் பிள்ளைக்கு நாளைக்கு வேண்டியிருக்குமே என்று யோசித்திருக்க மாட்டார்.

தங்கை ஸ்டூலில் இருந்து எழுந்தாள். “என்னண்ணே, இந்நேரத்துல? பள்ளிக்கூடம் இல்ல?”

சொன்னேன். பொருந்தவில்லை என்று சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை, மௌனமாக நின்று பாவனை செய்யவும் இல்லை.

அவள் மகளைப் பார்த்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அழுததா வேர்வையா என்று தெரியவில்லை. ஊசி குத்திய கை அசையாமல் இருக்க அதன்மேல் தன் கையை வைத்தாள்.

“சரிண்ணே” என்றாள். “ஒம் பிள்ளைக்காவது இருக்கட்டும்.”

அவள் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. குத்தலாகச் சொல்லியிருந்தால் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பேன். அவள் மனதாரச் சொன்னாள். சொல்லிவிட்டு, “நின்னுக்கிட்டே இருக்கியே, உக்காருண்ணே” என்று தன் ஸ்டூலை என் பக்கம் தள்ளினாள்.